ஆக்சிஜனும் ஒரு மருந்துதான்: குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து



போன மழைக்காலத்தில் நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழு, ராத்திரி எட்டு மணிக்கு அவசரக் கூட்டம் போட்டது. உறுப்பினர் ஒருவரின் மாமியாருக்கு மூச்சு வாங்கியது. வயது அறுபதைத் தாண்டியவர். பீடி, சுருட்டு எந்தப் பழக்கமும் கிடையாது. ஆனால் நாற்பது வருடமாக விறகடுப்பில் சமைத்தவர். குளிர்காலம் வந்தாலே இருமலும் இழுப்பும் வரும். அன்று உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. குழு உடனே உள்கடன் கொடுத்தது. வண்டி ஏற்றி, 70 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, கீழே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். விரலில் மாட்டிய மெஷின் 90 காட்டியது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு 98. வீட்டாருக்கு மனசு கேட்கவில்லை. "நம்ம அம்மாவுக்கு மட்டும் ஏன் குறைச்சுக் கொடுக்கிறாங்க?" என்று நினைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் சுவரில் இருந்த திருகைத் திருப்பிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மெஷின் 99 காட்டியது. எல்லோருக்கும் நிம்மதி. அம்மாவும் தூங்க ஆரம்பித்தார். "பாவம், ரெண்டு நாளா தூங்கல, தூங்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள்.

அது தூக்கம் இல்லை. நடு ராத்திரியில் வந்த நர்ஸ் அம்மா தட்டி எழுப்பினார், எழவில்லை. ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தார். ஆக்சிஜனைக் குறைத்தார்கள். முகத்தில் இறுக்கமான மாஸ்க் போட்டு, மெஷின் மூலம் மூச்சு விட உதவி செய்தார்கள். விடியும்போதுதான் கண் திறந்தார். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று நன்றாக இருக்கிறார்.

அந்தத் திருகைத் திருப்பியவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பாசத்தில்தான் செய்தார்கள். நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறோம். கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள்.

நம் நுரையீரல் ஒரு தேனடை மாதிரி

நாம் இழுக்கும் காற்றில் 100 பங்கில் 21 பங்குதான் ஆக்சிஜன். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். சுகமாக இருக்கும் உடம்புக்கு இந்த 21 பங்கு போதும்.

நம் மலைத் தேனடையைப் பார்த்திருக்கிறீர்கள். சின்னச் சின்ன அறை, ஒவ்வொன்றுக்கும் மெல்லிய சுவர். நுரையீரலும் அப்படித்தான். அதில் முப்பது கோடிக்கும் மேலான சின்னக் காற்று அறைகள் உண்டு. ஒவ்வொரு அறையையும் சுற்றி நூலைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. காற்று அறையில் இருந்து ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகும். ரத்தத்தில் இருந்து கரியமில வாயு வெளியே வரும். ஒன்று வரவு, ஒன்று செலவு. இரண்டும் சரியாக நடந்தால்தான் கணக்கு நேராகும். நம் குழுக் கணக்கு போலத்தான்.

மூச்சு என்றதும் நாம் வரவை மட்டும் பார்க்கிறோம். கரியமில வாயு வெளியே போகிறதா என்ற செலவுக் கணக்கை மறந்துவிடுகிறோம். முதலில் சொன்ன அம்மாவுக்கு நடந்தது அதுதான். அதைப் பிறகு விளக்கமாகச் சொல்கிறோம்.

விரலில் மாட்டும் மெஷின் என்ன சொல்கிறது?

அதன் பெயர் பல்ஸ் ஆக்சிமீட்டர். ஜப்பான் நாட்டுப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974-ல் இதற்கான வழியைக் கண்டுபிடித்தார். விரல் வழியாக வெளிச்சத்தைச் செலுத்தி, ரத்தம் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமந்து போகிறது என்று நூற்றுக்கணக்கில் சொல்லும். சுகமாக இருப்பவருக்குப் பொதுவாக 95 முதல் 100 வரை காட்டும். நம் கொல்லிமலை சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் சுகமாக இருப்பவருக்கு அளவு பெரிதாகக் குறையாது. "மலைமேல இருக்கோம், அதான் 88 காட்டுது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மெஷினும் சில நேரம் தப்பாகக் காட்டும். விரல் சில்லிட்டுப் போயிருந்தால், கை நடுங்கினால், நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இருந்தால் சரியாக வராது. கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மை அளவைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்று 2020-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு எச்சரித்தது. ஆகவே மெஷினை மட்டும் பார்க்காமல் ஆளையும் பாருங்கள். எண் நன்றாக இருந்தும் ஆள் மூச்சுக்குத் தவித்தால், ஆள் சொல்வதுதான் சரி.

குறைந்தால் என்ன ஆகும்? 2021-ல் பார்த்தோம்

ஆக்சிஜன் குறைந்தால் முதலில் தவிப்பது மூளையும் இதயமும். சில நிமிடங்கள் முற்றிலும் கிடைக்காமல் போனாலே மூளை பாதிக்கப்படும்.

2021 கொரோனா இரண்டாம் அலையை நாம் மறக்க முடியாது. அந்த ஆண்டு மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியானது. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மே 4 இரவு சில மணி நேரத்தில் 13 நோயாளிகள் இறந்துபோனார்கள். ஆக்சிஜன் வரத்துக் குறைந்ததுதான் காரணம் என்றார்கள் உறவினர்கள். அதிகாரிகள் அதை மறுத்தார்கள். ஆக்சிஜன் தயாரிக்க மட்டும் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையைத் திறக்க, உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 27 அன்று அனுமதி கொடுத்தது. மே மாதம் வெளி மாநிலத்தில் இருந்து ரயிலில் ஆக்சிஜன் டேங்கர்கள் வந்தன.

அந்த நாட்களில் ஒரு விசித்திரமும் நடந்தது. சிலருக்கு அளவு 80-க்கும் கீழே போயிருக்கும். ஆனால் உட்கார்ந்து பேசிக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். மூச்சுத் திணறலே தெரியாது. பிறகு திடீரென்று சரிந்துவிடுவார்கள். அதனால்தான் விரல் மெஷின் அன்று வீட்டுக்கு வீடு வந்தது.

ஆனால் அந்த நாட்கள் நமக்கு ஒரு தப்பான பாடத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டன. "ஆக்சிஜன் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது" என்று மனசில் பதிந்துவிட்டது. அந்த ஏப்ரலில் மத்திய அரசின் சிகிச்சை வழிமுறை என்ன சொன்னது தெரியுமா? ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிக்கு அளவை 92 முதல் 96-க்குள் வைத்தால் போதும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு 88 முதல் 92 என்றது. 100 வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொண்டால்

கடுமையான நிமோனியா, ரத்தத்தில் பரவிய கிருமி, பெரிய விபத்து, கொரோனா போன்றவை வந்தால் காற்று அறையின் மெல்லிய சுவர் வீங்கிக் கசியும். ரத்தத்தில் உள்ள நீர் அறைக்குள் இறங்கும். தேனடைக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி. நுரையீரல் விறைத்துப் போகும். இதை டாக்டர்கள் ஏ.ஆர்.டி.எஸ். என்று சொல்வார்கள். 1967-ல் அமெரிக்க டாக்டர்கள் 12 நோயாளிகளைப் பார்த்து முதன்முதலில் இதைத் தெளிவாக எழுதினார்கள்.

இப்படி ஆனவர்களுக்கு வென்டிலேட்டர் என்ற செயற்கை சுவாச மெஷின் தேவைப்படும். அதிலும் அளவு உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு மூச்சுக்கும் நிறைய காற்றை உள்ளே தள்ளினார்கள். பாதி அறைகள் நீரில் மூழ்கியிருக்கும்போது, தள்ளும் காற்று முழுவதும் நல்ல அறைகளுக்கே போகும். அவையும் கிழிந்துபோகும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், பழைய அளவில் பாதியாகக் குறைத்து மெதுவாகக் காற்று கொடுத்தார்கள். பழைய முறையில் நூற்றுக்கு 40 பேர் இறந்தார்கள். புது முறையில் 31 பேர். புது மருந்து எதுவும் இல்லை, அளவைக் குறைத்ததுதான்.

இன்னொரு வழியும் கண்டார்கள். வென்டிலேட்டரில் இருப்பவரைக் குப்புறப் படுக்கவைப்பது. முதுகுப் பக்கத்து அறைகள் அப்போது விரியும். 2013-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வில், நோய் முற்றிய நிலையில் இருந்தவர்களை நாளொன்றுக்கு 16 மணி நேரம் குப்புற வைத்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 33-ல் இருந்து 16 ஆகக் குறைந்தார்கள். ஆகவே ஐ.சி.யு.வில் நம் ஆளைக் கவிழ்த்துப் படுக்க வைத்திருந்தால் "ஏன் இப்படிப் போட்டுவெச்சிருக்காங்க" என்று பதற வேண்டாம். அதுவும் சிகிச்சைதான்.

கூடினால் என்ன ஆகும்?

இரும்பு துருப்பிடிக்கக் காரணம் ஆக்சிஜன். நெருப்பு எரியக் காரணமும் ஆக்சிஜன். அளவோடு இருந்தால் உயிர் காக்கும் அதே பொருள், அளவு மீறினால் உடம்பின் திசுவையே அரிக்கும். 1899-லேயே லொரெய்ன் ஸ்மித் என்ற ஆராய்ச்சியாளர், அதிக ஆக்சிஜனில் வைத்த விலங்குகளின் நுரையீரல் வீங்கிப் புண்ணாவதைக் கண்டு எழுதினார்.

நுரையீரலுக்கு இரண்டு வகையில் கெடுதல் வரும்.

ஒன்று, அதிக அளவு ஆக்சிஜன் நாள்கணக்கில் போனால் காற்று அறைச் சுவர் எரிச்சலாகி வீங்கும். ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலில் இது புண்ணின் மேல் புண்.

இரண்டு, காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்தில் அதிகம் கரையாது. அது அறைக்குள்ளேயே தங்கி, பந்தலுக்குக் கால் கொடுத்த மாதிரி அறையை விரித்து வைத்திருக்கும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் நைட்ரஜன் வெளியேறிவிடும். ஆக்சிஜனை ரத்தம் உறிஞ்சிக்கொண்டதும் சில அறைகள் காலி பலூன் போலச் சுருங்கி ஒட்டிக்கொள்ளும்.

இதை நோயாளிகளிடமும் சோதித்தார்கள். 2016-ல் இத்தாலியில் மொடெனா நகரத்து ஐ.சி.யு.வில் 480 பேரைக் கவனித்தார்கள். தாராளமாக ஆக்சிஜன் கொடுத்த பிரிவில் நூற்றுக்கு 20 பேர் இறந்தார்கள். 94 முதல் 98 வரை என்று அளவோடு கொடுத்த பிரிவில் 12 பேர்.

"அப்படியென்றால் இன்னும் குறைக்கலாமே?" என்று தோன்றும். அதையும் பார்த்தார்கள். பிரான்ஸில் ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளுக்கு 88 முதல் 92 வரை மட்டும் வைத்துப் பார்த்த ஆய்வை, 205 பேரோடு பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. குறைத்த பிரிவில் இறப்பு கூடுதலாகத் தெரிந்தது. ஐந்து பேருக்குக் குடலுக்கு ரத்தம் போகாமல் பழுதானது. இது 2020-ல் வெளிவந்தது. பிறகு 2025-ல் இங்கிலாந்தில் சுமார் 16,500 ஐ.சி.யு. நோயாளிகளை வைத்து அதுவரை இல்லாத பெரிய ஆய்வு வந்தது. 90-ஐ ஒட்டிக் குறைவாக வைத்தவர்களுக்கும், வழக்கம்போல் கொடுத்தவர்களுக்கும் இறப்பில் வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள்.

இதில் இருந்து நமக்கு என்ன தெரிகிறது? எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் என்று ஒன்று இல்லை. ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது. 100-ஐத் துரத்திக்கொண்டு போவதாலும் லாபம் இல்லை. ஆளைப் பார்த்து, நோயைப் பார்த்து டாக்டர் குறிக்கும் அளவுதான் அந்த ஆளுக்குச் சரியான அளவு.

விறகடுப்பில் வெந்த நுரையீரல்

இப்போது முதலில் சொன்ன அம்மாவிடம் வருவோம். வருடக்கணக்கில் புகை குடித்த நுரையீரலில் மூச்சுக் குழாய் சுருங்கி, சளி கட்டி, காற்று வெளியே போக வழி குறைந்துவிடும். இதைத்தான் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சி.ஓ.பி.டி. என்று சொல்கிறார்கள். பீடி, சிகரெட் குடிக்காத பெண்களுக்கு இது வர முக்கியக் காரணம் அடுப்புப் புகை.

இவர்களில் சிலருக்குக் கரியமில வாயு உள்ளேயே தங்கும். அவர்களுக்கு ஆக்சிஜனை அதிகமாக ஏற்றினால் கரியமில வாயு இன்னும் கூடும். வரவு கூடிவிட்டது, செலவு அடைபட்டுப் போனது. அது மூளையை மயக்கும். முதலில் தலைவலி, பிறகு தூக்கம், பிறகு எழுப்பினாலும் எழாத மயக்கம், கடைசியில் மூச்சே நின்றுபோகலாம். விரல் மெஷின் 99 காட்டிக்கொண்டே இருக்கும். ஏனென்றால் அது கரியமில வாயுவை அளக்காது. இதுதான் அன்று ராத்திரி நடந்தது. அந்த அம்மாவுக்கு டாக்டர் வைத்திருந்த 90 குறைவு இல்லை, அதுதான் அவருக்கான அளவு.

இது ஆம்புலன்ஸிலேயே தொடங்கும் விஷயம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் ஏற்றிய 405 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டார்கள். எல்லாருமே மூச்சுத் திணறலோடு சி.ஓ.பி.டி. இருக்கலாம் என்று ஏற்றப்பட்டவர்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் அதிக ஆக்சிஜன். இன்னொரு பிரிவுக்கு 88 முதல் 92 வரை நிற்கும்படி அளந்து கொடுத்தது. அதிகம் கொடுத்த பிரிவில் நூற்றுக்கு 9 பேர் இறந்தார்கள். அளந்து கொடுத்ததில் 4 பேர். நம் மலையில் இருந்து கீழே இறங்கவே நேரம் பிடிக்கும். அந்தப் பயணத்தில் அளவு சரியாக இருப்பது எத்தனை முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

களைக்கொல்லி குடித்தவருக்கு

சொல்லக் கஷ்டமான விஷயம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். பாராக்வாட் என்ற களைக்கொல்லி வயிற்றுக்குள் போனால் அது நுரையீரலில் போய்ச் சேரும். அங்கே ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு திசுவை எரிக்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை. இந்த நஞ்சில் ஆக்சிஜன் கொடுப்பதே நெருப்பில் நெய் ஊற்றுவது போல ஆகும். அதனால் அளவு மிகவும் குறைந்தால் ஒழிய டாக்டர்கள் ஆக்சிஜன் கொடுக்கத் தயங்குவார்கள். "மூச்சு வாங்குது, காத்து வைக்க மாட்டேங்கிறாங்க" என்று சண்டை போடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். எந்த மருந்து என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். டப்பாவை மறக்காமல் எடுத்துப் போங்கள். வீட்டில் களைக்கொல்லியைப் பூட்டி வையுங்கள். குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கரியைப் போட்டுக் கணப்பு மூட்டித் தூங்குகிறோம். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விரல் மெஷின் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் 98 என்று காட்டும். இவர்களுக்கு முழு ஆக்சிஜன் உடனே வேண்டும். அறையில் கணப்பு இருந்தது என்று 108-காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடைத்த அறையில் கணப்பு மூட்டவே வேண்டாம்.

குறைமாதக் குழந்தைக்கு

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரல் பிஞ்சு. ஆக்சிஜன் கொடுக்காமல் காப்பாற்ற முடியாது. ஆனால் கூடிப்போனால் விழித்திரை கெட்டுக் கண் பார்வை போகலாம். ஆஸ்திரேலிய டாக்டர் கேட் கேம்ப்பெல் 1951-ல் இந்தத் தொடர்பை எழுதினார். நம் தமிழ்நாட்டிலேயே ஒரு வழக்கு உண்டு. 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-ஆம் வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவில்லை. குழந்தை பார்வை இழந்தது. தகப்பனார் விடாமல் வழக்கு நடத்தினார். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு தரச் சொன்னது. உங்கள் வீட்டில் குறைமாதக் குழந்தை பிறந்து ஆக்சிஜனில் இருந்திருந்தால், பிறந்த ஒரு மாதத்துக்குள் கண் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

*ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வீட்டில் வைக்கலாமா?*
டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும். எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் என்று சீட்டில் இருக்க வேண்டும். அடுப்பு, விளக்கு, பீடி பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கவே கூடாது. தீப்பொறி பட்டால் பெரும் தீயாகிவிடும்.

*ஆக்சிஜன் வைத்தால் ஆள் பிழைக்கமாட்டார் என்கிறார்களே?*
தப்பு. ஆக்சிஜன் வைத்து நலமாகி வீட்டுக்கு வந்தவர்கள் ஏராளம். அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

*ஆக்சிஜன் வைத்ததும் வியாதி குணமாகுமா?*
ஆகாது. வியாதி குணமாகும்வரை உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். நிமோனியாவுக்கு மருந்து வேண்டும், இழுப்புக்கு மருந்து வேண்டும்.

*டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?*
"எங்க அம்மாவுக்கு ஆக்சிஜன் அளவு எத்தனைக்குள்ள இருக்கணும்?" இந்த ஒரு கேள்வி போதும். பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விலா எலும்பு உள்ளே இழுக்கிறது, பெரியவருக்கு நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு ஓடுகிறது, பேச்சு குழறுகிறது. இதில் ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் போடுங்கள். மெஷினுக்காகக் காத்திருக்க வேண்டாம்.
2. மெஷின் 94-க்குக் கீழே காட்டினால் அன்றே டாக்டரைப் பாருங்கள். 90-க்குக் கீழே என்றால் உடனே 108. ஏற்கெனவே நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த அளவுதான் கணக்கு.
3. மூச்சு வாங்குபவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வையுங்கள்.
4. பழைய சீட்டு, மாத்திரை, காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.
5. ஆம்புலன்ஸில் ஏறும்போதே "இவங்களுக்குப் பழைய இழுப்பு இருக்கு, விறகடுப்புப் புகையில இருந்தவங்க" என்று சொல்லுங்கள்.
6. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் திருகை நாம் தொடவே கூடாது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சந்தேகம் இருந்தால் நர்ஸைக் கூப்பிடுங்கள். வராவிட்டால் மறுபடியும் கூப்பிடுங்கள்.
7. ஆக்சிஜனில் இருப்பவர் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், மெஷின் 99 காட்டினாலும், பெயர் சொல்லி எழுப்பிப் பாருங்கள். எழவில்லை என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியது

ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டரைக் குழுவுக்குப் பொதுவாக வாங்கி வைக்கலாம். யாரிடம் இருக்கும், பேட்டரி யார் மாற்றுவது என்று தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கிராம சுகாதார செவிலியரை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, எப்படி மாட்டுவது, எப்படிப் படிப்பது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். யார் வீட்டில் வருடக்கணக்கில் இருமலும் இழுப்பும் உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்னே அவர்களைச் செம்மேடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள். அடுப்பு அறைக்கு ஜன்னல், புகைபோக்கி வைக்கவும், கேஸ் அடுப்புக்கும் உள்கடன் கேட்டால் முன்னுரிமை கொடுங்கள். பைக்கும் காருக்கும் கடன் கொடுக்கிறோம், மூச்சுக்குக் கொடுக்க மாட்டோமா?

திருகைத் திருப்பிய அந்த வீட்டு உறுப்பினரிடம் இதை எழுதலாமா என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "எழுதுங்க. நாங்க பயந்த மாதிரி இன்னொரு வீடு பயப்படக் கூடாது" என்றார். பிறகு எழுந்து போய், கூடத்தில் உட்கார்ந்து சோளக்காட்டுச் சந்தைக்கு வாழைத்தார் எண்ணிக்கொண்டிருந்த மாமியாருக்கு டீ கொண்டு போனார். புதுக் கேஸ் அடுப்பில் போட்ட டீ.

மூச்சு இழுக்கிறவரை நாம் அதைப் பற்றி நினைப்பதில்லை. இந்த மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் அதற்காக ஒதுக்குங்கள், சகோதரிகளே.